கத்தியின் கூரும் அரைப்பேரும்

பத்தாந் தரத்தில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் 2024ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று வாரங்களாகத் திங்களும் செவ்வாயும் பாடசாலைக்கு வரவில்லை. வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடுகள் பெருகின. ஆசிரியர்களாகிய நாம் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி ஆயத்தமாக வைத்திருக்கும் விடைகள் சில உண்டு: தகப்பன் குடிக்கிறான், தாய் வெளிநாட்டில் இருக்கிறாள், பையனுக்குக் கைத்தொலைபேசி கிடைத்துவிட்டது. நானும் அவற்றுள் முதலாவதை மனத்துள் எழுதி வைத்துக்கொண்டுதான் அவனை அழைத்து விசாரித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

“அப்பாவோட கத்தி பதம் நிக்க மாட்டேங்குது டீச்சர். ரெண்டு வாரமா அரைப்பேருதான் போடுறாங்க. அதான் நான் நாட்டுப்பக்கம் மொளகு பறிக்கப் போனேன்.”

தோட்டத்துக்கு வெளியே வாழும் வாசகர்களுக்கு இந்த ‘அரைப்பேர்’ என்னும் சொல்லை விளக்க வேண்டும். ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் பதியப்படுவது ‘ஒரு பேர்’. விதித்த அளவு வேலை முடியாவிட்டால் பேர் பாதியாகிறது. நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது என்று பத்திரிகைகளில் படித்து மகிழ்ந்தோம். அரைப்பேர் விழுந்தவனுக்கு அந்த உயர்வு 675 ரூபா. ஒரு மனிதன் காலை முதல் மலைச் சரிவில் நின்று உழைத்த பின்பும் அவனுடைய பேரில் பாதியைத்தான் ஏற்றுக்கொள்வோம் என்று சொல்லும் மொழியைப் பேராதனையில் நான் தமிழ்ச் சிறப்புப் பட்டத்துக்குப் படித்த நான்கு ஆண்டுகளில் எந்த இலக்கணத்திலும் கண்டதில்லை. அது எங்கள் லயத்து மொழி. நான் பிறந்த மொழி. எனினும், “கத்தி பதம் நிற்கவில்லை” என்ற அவ்வளவு சிறிய காரணத்தால் ஒரு பிள்ளையின் கல்வி நிற்கக்கூடும் என்பது எனக்கே புதிதாயிருந்தது. நான் ஒரு கவ்வாத்துக்காரரின் மகள். வெட்கப்பட வேண்டிய புதுமை அது.

தேயிலைச் செடியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிக் குறுக்குவதே கவ்வாத்து. வெட்டாவிட்டால் செடி மரமாகிவிடும், கொழுந்து குறையும், பறிப்பவளின் கைக்கும் எட்டாது. அதற்குரிய கத்தி வளைந்தது, கனமானது. ஒரு வீச்சில் கிளை சாய்வாக, வழுவழுப்பாக அறுபட வேண்டும். மழுங்கிய கத்தி கிளையை அறுப்பதில்லை, பிளக்கிறது. பிளவில் நீர் தங்கும். நீர் தங்கிய இடத்தில் உளுப்பு ஏறும். பல பத்தாண்டுகள் வாழவேண்டிய செடி உள்ளிருந்தே இறக்கத் தொடங்கும். ஆகவே கத்தியின் கூர் தொழிலாளியின் சொந்த விவகாரமன்று. தோட்டத்தின் முதலே அதில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் கூர் தீட்டும் செலவு மட்டும் தொழிலாளியின் மடியிலிருந்து போகிறது. ஒருவன் வெட்டும் ஒவ்வொரு செடியும் பிறருடையது; வெட்டுகிற கூர் மாத்திரம் அவனுடையது!

அன்று மாலை என் தந்தையிடம் இதைச் சொன்னேன். நாற்பது ஆண்டுகள் கவ்வாத்து வெட்டியவர் அவர். வலது மணிக்கட்டு இப்போது ஒரு தேநீர்க் கோப்பையைத் தூக்கவும் தயங்குகிறது. சொல்லி முடிக்குமுன்பே அவர் கேட்டார்:

“கல்லு வச்சிருக்கானா, தோலு வச்சிருக்கானா?”

“கல் இருக்கிறதாம், அப்பா.”

“கல்லு மட்டும் இருந்தா எப்படிப் புள்ள? கல்லு பிசிறு வுடும். அந்தப் பிசிறு நாலு செடியில மடங்கிப் போகும். அப்புறம் அது கத்தியில்ல, தகரம்.”

அவர் கூறியதை நான் பின்னர் படித்தறிந்தவற்றோடு சேர்த்துச் சொல்கிறேன். கல்லில் உரைக்கும்போது இரு பக்கங்களும் சந்திக்கும் விளிம்பில் இரும்பு ஒரு மெல்லிய நூல் போல மறுபக்கம் புரண்டு நிற்கும். கைக்குக் கூராகத்தான் தோன்றும். மரத்தில் பட்டதும் அது மடங்கும். அல்லது முறிந்து வாயைச் சிதைக்கும். அந்தப் பிசிறை நீக்கி விளிம்பை மெருகிடுவது தோல்வார். கத்தியின் முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே இழுபடுமாறு தோலின் மேல் மாறி மாறி வீச வேண்டும். வாயை முன்னே தள்ளினால் தோல்தான் அறுபடும். பழைய நாவிதர் கடைகளில் நாற்காலியின் பக்கத்தில் தொங்கிய வாரை நினைவுள்ளவர்கள் இதைக் கண்டிருப்பர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் அலகுகள் வந்தபின் அந்த வார் கடைகளிலிருந்து மறைந்தது. அதனுடன் வாரில் என்ன பூசுவது என்னும் அறிவும் மறைந்தது. வெறுந்தோல் சவரக்கத்திக்குப் போதும். முரட்டு இரும்பாலான கவ்வாத்துக் கத்திக்குத் தோலின் மேல் ஏதேனும் ஒரு நுண்பொடி தேவை.

அந்தப் பொடி எது, எங்கே, என்ன விலை? இதுதான் எங்கள் முன் நின்ற கேள்வி.

அடுத்த சனிக்கிழமை மாத்தளைத் திருகோணமலை வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஓர் இரும்புக் கடையில் வெளிநாட்டுப் பசை ஒன்று சிறிய டப்பாவில் இருந்தது. அதன் விலை மூன்று முழுப்பேர். கடைக்காரர் அதைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்த பக்குவத்தைப் பார்த்தபோது, அவரும் அதை விற்றுவிடலாம் என்று நம்பவில்லை எனப் புரிந்தது. மோட்டார் உதிரிப்பாகக் கடையில் வால்வ் தேய்க்கும் பசை கிடைத்தது, விலை மலிவு. நகைத் தொழிலாளர் ஒருவர் தம் பட்டறையில் பித்தளைக்கும் எஃகுக்கும் மெருகிடும் பச்சை நிறக் கட்டியைக் காட்டினார். வீட்டில் தந்தை வேறொரு பட்டியலை வைத்திருந்தார்: செங்கற்பொடி, உமிச்சாம்பல், பற்பசை. இவற்றைக் கொண்டு நானும், எங்கள் பாடசாலை இரசாயனவியல் ஆசிரியரும், அந்த மாணவனும், அவனுடைய தோழர் மூவரும் இரு வாரங்கள் செய்த வேலையைத்தான் எழுதப் புகுந்தேன். இதை ஆராய்ச்சி என்று சொல்லத் துணியமாட்டேன்.

முதலில் கடினம். 1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் வகுத்த பத்துப்படி அளவை நம் பாடநூல்களிலும் உண்டு. ஒன்று மற்றொன்றைக் கீறினால் கீறுவது கடினமானது. அவ்வளவே அதன் தத்துவம். சுண்ணக் கல்லின் கனிமமான கல்சைட்டு 3, பெல்ஸ்பார் 6, படிகக்கல் 7, குருந்தம் 9, வைரம் 10. பதமேற்றிய எஃகு ஏறக்குறைய ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் நிற்கும். பற்பசை ஏன் ஏமாற்றியது என்பது இதனால் விளங்கியது. நாங்கள் வாங்கியது சுண்ணத்தூள் கலந்த மலிவுப் பசை. அது கத்தியை வெளுக்கச் செய்தது, நறுமணமும் ஊட்டியது, வாயைத் தொடவேயில்லை. எங்கள் மாவட்டத்தின் ஓவலைப் பகுதியில் வெட்டப்படும் பெல்ஸ்பார் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. காலடியில் கிடைக்கும் கல்லாயிற்றே என்று மாணவர்கள் ஆசைப்பட்டனர். அதுவும் ஆறாம் படியோடு நின்றுவிடுகிறது.

குருந்தம் என்ற சொல்லை அவர்களுக்குச் சொன்னபோது ஒரு சிறு சம்பவம் நேர்ந்தது. தமிழ் படித்த எனக்குக் குருந்தம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மரம். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் குருவைக் கண்டதாகச் சொல்லப்படும் மரம். கல் நினைவுக்கு வருவதில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் ஒருநாள் ஆங்கில அகராதியைப் புரட்டியபோதுதான், ஆங்கிலேயர் அக்கல்லுக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயரே தமிழிலிருந்து சென்றது என அறிந்தேன். மாணிக்கமும் நீலமும் இக்குருந்தத்தின் தெளிந்த வகைகளே, தெளியாதது சாணைக்கல். 1798இல் சார்ள்ஸ் கிரெவில் என்பார் ஆசியாவிலிருந்து சென்ற குருந்தக் கல்லைப் பற்றி இலண்டன் ரோயல் சங்கத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். பெயரும் கல்லும் அங்கே விஞ்ஞானமாயின. ஆனால் அதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே நம் தேசத்துக் கைவினைஞர் அதை இடித்துப் பொடியாக்கி, அரக்கை உருக்கிக் கலந்து, சக்கரமாக வார்த்துச் சாணை பிடித்து வந்தனர். சேலம், நாமக்கல் பகுதிகளில் அக்கல் கிடைக்கிறது. எங்கள் முன்னோரில் பலர் சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள். சாணைக்கல்லின் நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சாணைப்பொடிக்குக் கடை கடையாக அலைகிறோம்.

அரக்குக்கும் நாங்கள் தூரம் போகவேண்டியதில்லை. மாத்தளைக்கு அண்மையிலுள்ள ஹப்புவிடச் சிங்களக் கைவினைஞர் நகத்தாலேயே அரக்கு இழைத்துத் தடிகளுக்கும் பெட்டிகளுக்கும் வண்ணமேற்றும் கலைக்குப் புகழ் பெற்றவர்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலில் இத்தகைய கைவினைகளை விரிவாக எழுதினார். அவரைக் கலை விமரிசகராகவே நாம் அறிவோம். அவர் இலங்கைக் கனிமவள அளவாய்வின் முதற் பணிப்பாளராக இருந்தவர்; கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்ற பயணங்களில்தான் கைவினைஞரின் நலிவைக் கண்டார் என்பதை இரசாயனவியல் ஆசிரியர் மாணவர்களுக்குச் சொன்னார். எனக்கும் அது பயனுள்ள பாடமாயிற்று.

குருந்தமோ எங்கள் மாவட்ட எல்லையில் எலஹெர இரத்தினக்கல் வயல்களில் உண்டு. மங்கலான, பாலேறிய ‘கெவுட’க் கற்களை ஒருகாலத்தில் விலையற்றவை என ஒதுக்கினர். 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை வாங்கிச் சென்று உலையில் சூடேற்றி நீலமாக்கும் வித்தையைக் கண்டபின் அவற்றுக்கும் விலை வந்துவிட்டது. மற்ற மட்டக் கற்களை இடித்து மாவாக்குவது எங்கள் பாடசாலை உரலுக்கு இயலாத காரியம். ஆகவே குருந்தம் ஒரு நல்ல சொல்லாக என்னிடமே இருந்தது. அதைப் பற்றி அன்றிரவு தந்தைக்கு மிக உற்சாகமாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அது மாத்தளையில எந்தக் கடையில விக்குது?” என்றார்.

கடினம் மட்டும் போதாது, பருமனும் வேண்டும். வால்வ் பசை இதில்தான் தவறியது. அதிலுள்ளது சிலிக்கன் கார்பைட்டு. 1891இல் அமெரிக்காவில் அச்சசன் கண்டுபிடித்து, நமது குருந்தத்தின் பெயரையும் கரியின் பெயரையும் ஒட்டி ‘கார்பொரண்டம்’ எனப் பெயரிட்ட பொருள். கடினத்தில் குருந்தத்தையும் விஞ்சும். ஆனால் வால்வுக்கென அரைத்த துகள் தோலுக்கு மிகப் பெரிது. கத்தி மெருகு பெறுவதற்குப் பதிலாக மறுபடியும் கல்லில் உரைத்தாற்போல ஆயிற்று, தோலும் கிழிந்தது.

செங்கற்பொடியிலும் உமிச்சாம்பலிலும் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா. எஃகைச் சற்றே வெல்லக்கூடிய கடினம். நெல் உமி எரிந்த சாம்பலில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் சிலிக்காவே. இவற்றின் குறை, பெரிதும் சிறிதுமாகக் கலந்திருப்பது. ஒரு பெரிய மணல் நூறு நுண்துகள் செய்த வேலையைக் கெடுத்துவிடும். சலிப்பதற்கு எந்தத் துணியும் உதவாது. இங்கேதான் நீர் உதவியது. 1851இல் ஸ்டோக்ஸ் வகுத்த விதிப்படி, நீரில் அமிழும் துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும்: பாதிப் பருமனுள்ள துகள் கால் வேகத்தில் இறங்கும். ஆசிரியர் கரும்பலகையில் கணக்கிட்டார். பத்துச் சென்ரிமீற்றர் ஆழ நீரில், ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு பருமனுள்ள செங்கல் துகள் ஏறக்குறைய இருபது நிமிடங்களில் அடியைத் தொடும். அதன் பாதிப் பருமனுக்கு ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். பொடியை நீரில் கலக்கி, ஒன்றேகால் மணி நேரம் அசையாது வைத்து, மேல்நீரை மெல்ல வேறு பாத்திரத்தில் வடித்து, அந்நீர் வற்றியபின் அடியில் எஞ்சுவதே நமக்கு வேண்டிய மாவு. மாணவர்கள் ஜாம் போத்தல்களை வரிசையாக அடுக்கிக் காவலிருந்தனர். தமிழ்ப் பாடவேளையில் இத்தனை அமைதியை நான் என்றும் கண்டதில்லை.

ஒரு விஷயத்தில் மாத்திரம் ஆசிரியர் கண்டிப்பாக இருந்தார். உலர்ந்த பொடியை யாரும் ஊதவோ இடிக்கவோ கூடாது. ஈரமாகவே கையாள வேண்டும். உமியையும் கடுந்தீயில் எரிக்கக்கூடாது. சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கினால் மீளாது. 1845இல் ஏங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பற்றி எழுதிய நூலில், ஷெபீல்டு நகரில் கத்திகளையும் முட்கரண்டிகளையும் சாணை பிடித்தோரைப் பற்றிக் கூறுகிறார். உலர்ந்த கல்லில் வேலை செய்தவர்கள் முப்பத்தைந்து வயதை ஒட்டியே மடிந்தனர். ஈரக் கல்லில் வேலை செய்தோர் அவர்களைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். கல்லின் மேல் சிறிது தண்ணீர் இருப்பதும் இல்லாததும் பத்தாண்டு ஆயுள்! உலகச் சந்தையெங்கும் புகழ் பெற்ற ஷெபீல்டுக் கத்தியின் பளபளப்பில் அந்த ஆயுள்களும் மின்னின என்று மாணவர்களிடம் சொன்னேன். அவர்கள் போத்தல்களை இன்னும் சற்றுத் தள்ளி வைத்தார்கள்.

இனி சோதனை. கவ்வாத்துக் கத்தியின் வாய் உட்குழிந்தது. தட்டைப் பலகையில் ஒட்டிய தோல் அதன் நடுவைத் தொடாது என்பதை, பலகை செய்து முடித்த பின்பே நாங்கள் உணர்ந்தோம். தந்தை சிரித்துவிட்டு, ஒரு கொய்யாத் தடியை எடுத்துப் பழைய இடைவாரின் உட்பக்கம் வெளியே தெரியுமாறு அதன்மேல் சுற்றி, இரு முனையிலும் ஆணி அடித்துத் தந்தார். அத்தகைய நான்கு தடிகள் செய்தோம். ஒன்றில் கழுவிய செங்கல் மாவு, ஒன்றில் கழுவிய உமிச்சாம்பல். இரண்டும் தேங்காயெண்ணெயில் குழைத்தவை. மூன்றாவதில் பச்சைக் கட்டி. நான்காவது வெறுந்தோல். மாணவனின் தந்தை நான்கு நாட்கள் நாளுக்கொரு தடியாக மலைக்கு எடுத்துச் சென்றார்.

வெறுந்தோலால் பிசிறு போயிற்று. பதம் காலைத் தேநீர் வரைதான் நின்றது. செங்கல் மாவு தன்னால் இயன்றதைச் செய்தது, மெதுவான வேலைக்காரன். உமிச்சாம்பல் அதைவிட விரைவு, செலவு ஒன்றுமில்லை. ஆனால் தூறல் விழுந்ததும் எண்ணெயோடு வழிந்துபோயிற்று. எங்கள் மலையில் தூறாத கவ்வாத்துக் காலம் ஏது? பச்சைக் கட்டி குரோமியம் ஒட்சைட்டும் மெழுகும் சேர்ந்தது. படிகக்கல்லைவிடக் கடினமான அத்துகள் மிக நுண்ணியது. மெழுகு மழைக்கு அஞ்சாது. பத்து வீச்சுப் போதுமாயிருந்தது. கட்டி ஒன்றின் விலை ஓர் அரைப்பேருக்கும் குறைவு. அதை எட்டாக வெட்டினால் எட்டுப் பேருக்கு மாதக்கணக்கில் வரும். என் ஊர்ப் பற்றும் பழமைப் பற்றும் உமிச்சாம்பலே வெல்ல வேண்டும் என்று உள்ளூர விரும்பின என்பதை ஒப்புக்கொள்கிறேன். தந்தைக்கு அந்தச் சபலம் இல்லை. “மழை இல்லாட்டி சாம்பலு, மழை வந்தா பச்சை. வீட்டுக் கத்திக்குச் செங்கல்லு” என்று தீர்ப்புக் கூறினார்.

மாணவனின் தந்தைக்கு அவ்வாரம் ஐந்து முழுப்பேர் விழுந்தது. திங்கட்கிழமை பையன் விரல் நகங்களில் பச்சையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கும் மகிழ்ச்சியாயிருந்திருக்கும்.

எட்டுக் கவ்வாத்துக்காரரும் பச்சைக் கட்டியைப் பங்கிட்டுக்கொண்ட மூன்றாம் வாரம், நாளொன்றுக்கு வெட்டவேண்டிய செடிகளின் தொகையை அத்தோட்டத்தில் உயர்த்திவிட்டார்கள். முந்திய இலக்கை எல்லோரும் இரண்டு மணிக்கு முன்பே முடித்துவிடுகிறார்களாம்! தம் காசில் வாங்கிய கூர், தம் உழைப்பில் தீட்டிய கூர், தமக்கே கூடுதல் செடியாகத் திரும்பி வந்தது. அந்த வாரம் இருவருக்கு மீண்டும் அரைப்பேர். அம்மாணவனின் தந்தை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து என் தந்தையிடம், “பேசாம மொட்டக் கத்தியாவே இருந்திருக்கலாம் மாமா” என்றார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வரக் கால் எழவில்லை.

என் தந்தைதான் பழையதை நினைவூட்டினார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு கவ்வாத்துக்கும் ஆளுக்கொரு கல் தோட்டத்து ஸ்டோரிலிருந்து கொடுப்பார்களாம். 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் மறுபடியும் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. இடையில் எந்தக் கைமாற்றத்தில் அந்தக் கல் நின்றுபோயிற்று என்பது அவருக்கு நினைவில்லை. கேட்டவர்கள் இல்லை, ஆகவே நின்ற நாளும் யாருக்கும் தெரியாது.

எட்டுப் பேரும் சேர்ந்து சங்கத்தின் மூலம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுப்பது என முடிவாயிற்று. எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. இலக்கைப் பழைய தொகைக்கு இறக்க வேண்டும். கூர் தீட்டும் பொருள்களைத் தோட்டமே வழங்க வேண்டும் என இரு கோரிக்கைகள். நான் இரண்டாவதைச் சற்று அழகாகவே எழுதியிருந்தேன். ‘கருவிகளின் கூர்மையைப் பேணுதற்கு இன்றியமையாத உராய்பொருள்கள்’ என்று தொடங்கும் அவ்வாக்கியத்தைப் படித்துக் காட்டியபோது திண்ணையில் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. தந்தை கையை நீட்டித் தாளை வாங்கினார்.

“இதப் படிச்சா தொரைக்கு என்னா குடுக்கணும்னே வெளங்காது புள்ள. இப்படி எழுது: ஆளுக்கு ஒரு கல்லு. ஆளுக்கு ஒரு முழம் தோலு. எட்டுப் பேருக்கு ஒரு பச்சைக் கட்டி, மாசா மாசம்.”

அவ்வாறே எழுதினேன். எண்மரும் கையொப்பமிட்டனர், ஒருவர் பெருவிரல் பதித்தார், அதுவும் பச்சையாகவே விழுந்தது. இலக்கைப் பற்றிப் பேச ஒரு நாள் குறித்தார்கள். பின்னர் அது தள்ளிப்போயிற்று. கல்லையும் தோலையும் பற்றி இதுவரை பதில் இல்லை. முதற் கட்டி தீரும் தறுவாயில் இருக்கிறது. அடுத்ததற்குத் தலைக்கு ஐம்பது ரூபா வீதம் சேர்த்து அந்த மாணவனிடம் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை வகுப்பு முடிந்து அவன் திருகோணமலை வீதிக்குப் போய் வாங்கி வருவான்.